தெருவின் முதல் அங்குலம்

ஆகஸ்ட் பிறந்தால் சென்னைத் தெருக்களில் ஜேசிபி வந்து நிற்கும். ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மண்மேடு, நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் பெட்டிகள். பருவமழைக்குள் முடித்துவிடுவோம் என்று அறிக்கை வரும். ஐப்பசி பிறந்த பிறகும் பல இடங்களில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்த வேலை வேகம் பிடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது செய்தது போதவில்லை என்று தெரிந்தது. வேகம் இன்னும் கூடியது. கொசஸ்தலையாற்று வடிநிலத்துக்கு மட்டும் ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 25.1 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. வடிகால் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் யாரும் இல்லை. முழங்கால் தண்ணீரில் நாட்கணக்கில் நின்றவர்களிடம் அப்படிச் சொல்வது திமிர். ஆனால் வடிகாலின் தொழில் ஒன்றே ஒன்றுதான்: தண்ணீரை இங்கிருந்து எடுத்து அங்கே வேகமாகக் கொண்டுபோய் விடுவது. அந்த 'அங்கே' யாருடைய வாசல் என்று அது கேட்பதில்லை. மேட்டுத் தெருவில் எவ்வளவு நல்ல வடிகால் இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் பள்ளத்துத் தெருவுக்குத் தண்ணீர் வந்து சேரும். மேட்டில் இருப்பவர் தன் கூரையில் விழுந்த மழையைப் பற்றி அதன்பின் நினைத்துப் பார்க்க வேண்டியதில்லை. இந்த மறதியைத்தான் நாம் கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஒரு தெரு தன்மேல் விழும் மழையின் முதல் பங்கையாவது தானே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும், அப்படி வைத்துக்கொள்வதில் பள்ளம் தோண்டுவதைவிடப் பொறுப்பைப் பகிர்வதே கடினமான வேலை என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

நகரம் ஆவதற்கு முன் இந்த நிலம் தண்ணீரை எப்படி வைத்திருந்தது என்பது பலமுறை எழுதப்பட்ட கதை. சுருக்கமாகச் சொன்னால் போதும். இன்றைய தியாகராய நகர், வெள்ளைக்காரர்கள் வரைபடத்தில் லாங் டேங்க் என்று குறித்த நீண்ட ஏரியைத் தூர்த்து 1920களில் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. பெரிய ஏரிகள் போனதைப் பற்றிப் புலம்ப நமக்குத் தெரியும். ஆனால் அதைவிடப் பெரிய இழப்பு ஒவ்வொரு மனையிலும் சத்தமில்லாமல் நடந்தது. புல்லும் செடியும் உள்ள மண்ணில் சாதாரண மழை பெய்தால் அதில் சிறு பகுதிதான் மேலோடு ஓடும். மிச்சம் மண்ணுக்குள் இறங்கும், செடி குடிக்கும், ஆவியாகும். அதே இடத்தில் மொட்டை மாடியும் சிமென்ட் முற்றமும் தார்ச்சாலையும் வந்தால் ஏறக்குறைய மொத்தமும் ஓடும். கொல்லையில் இருந்த கிணற்றடி போய் கார் நிறுத்துமிடம் வந்தது, வாசலில் இருந்த மண் போய் டைல்ஸ் வந்தது, வாசலுக்கு வெளியே ஏறுதளம் தெருவை விழுங்கியது. இதில் எந்த ஒன்றும் தனியாகப் பார்த்தால் ஆக்கிரமிப்பு என்று வழக்குப் போடும் அளவுக்கு இல்லை. எல்லாம் சேர்ந்தால் ஓர் ஏரி.

மழைத்தோட்டம் என்ற ஏற்பாடு அந்தச் சிறு இழப்புகளுக்கு அதே அளவில் பதில் தேடியது. 1990இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுன்டி என்ற மாவட்டத்தில் சோமர்செட் என்னும் குடியிருப்பைக் கட்டிய டிக் பிரிங்கர், மழைநீரைத் தேக்க வழக்கமாக வெட்டும் பெரிய குட்டைக்குப் பதிலாக ஒவ்வொரு மனையிலும் ஒரு சிறு பள்ளத்தோட்டம் வைத்தால் என்ன என்று கேட்டார். மாவட்டச் சுற்றுச்சூழல் துறையில் இருந்த லாரி காஃப்மன் அதை எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு 300 முதல் 400 சதுர அடி. சாலையோரத் தடுப்பும் குழாயும் போட்டிருந்தால் ஏறக்குறைய 4 லட்சம் டாலர் ஆகியிருக்கும் வேலை, ஒரு லட்சம் டாலருக்குள் முடிந்தது என்று கணக்குச் சொன்னார்கள். அமைப்பில் மர்மம் ஒன்றும் இல்லை. கூரையும் சாலையும் சரிந்து வரும் இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்குக் கிண்ணம் போன்ற பள்ளம். அடியில் மணலும் மக்கும் கலந்த இரண்டடி மண். ஈரத்தையும் வறட்சியையும் தாங்கும் செடிகள். தண்ணீர் நுழைய ஒரு வாய். நிறைந்தால் வழிந்தோட ஒரு கலிங்கல். ஏரி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக விளங்க வேண்டியது ஏதுமில்லை. வரத்து, கொள்ளளவு, கலிங்கல் மூன்றும் இருக்கின்றன. மதகு மட்டும் இல்லை, ஏனென்றால் இங்கே தண்ணீர் போக வேண்டிய வயல் காலடியில் இருக்கும் மண்தான்.

இனி கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். கூரையும் சாலையுமாக 1,000 சதுர மீட்டர் பரப்பில் ஓர் அங்குலம், அதாவது 25 மி.மீ. பெய்தால் 25,000 லிட்டர். தரையை நனைத்தும் குழிகளில் தங்கியும் போவதைக் கழித்தால் 22,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேல் ஓடிவரும். அதற்கு 60 சதுர மீட்டர் மழைத்தோட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் 12,000 லிட்டர். கீழே 60 செ.மீ. மண்ணில் கால்பங்கு இடைவெளி என்றால் 9,000 லிட்டர். ஆக 21,000 லிட்டர். தெருவின் பரப்பில் நூற்றுக்கு ஆறு பங்கை ஒதுக்கினால் முதல் அங்குல மழையில் பெரும்பகுதியைப் பிடித்துவிடலாம். நல்ல கணக்குத்தான். ஆனால் இதே கணக்கை 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரு நாளுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அன்று செம்பரம்பாக்கத்தில் பதிவானது 47 செ.மீ. நம் 1,000 சதுர மீட்டரில் 4,70,000 லிட்டர். அதில் 21,000 என்பது இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் பள்ளம் காலியாக இருந்திருந்தால்தான். அந்த நவம்பர் முழுதும் பெய்த மழைக்குப் பிறகு எந்த மண்ணில் இடம் இருந்திருக்கும்?

ஆகவே மழைத்தோட்டம் வெள்ளத்தைத் தடுக்கும் என்று யாராவது விளம்பரப் பலகை வைத்தால் அதை நம்பக் கூடாது. சீனாவின் செங்சோ நகரம் மழையை உறிஞ்சி வைக்கும் இத்தகைய ஏற்பாடுகளுக்கு, 'பஞ்சு நகரம்' என்ற பெயரில், பெரும் பணம் செலவிட்டிருந்தது. 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் அங்கே 201.9 மி.மீ. மழை கொட்டியது; சுரங்க ரயிலுக்குள் தண்ணீர் புகுந்து மக்கள் இறந்தார்கள். உடனே பஞ்சு நகரம் என்பதே ஏமாற்று என்ற குரல் எழுந்தது. அந்தக் குரலில் நியாயமும் இருக்கிறது, பிழையும் இருக்கிறது. வெள்ளத்துக்குக் காப்பு என்று விற்றது ஏமாற்று. ஆனால் அதற்காக அந்த ஏற்பாட்டுக்கே வேலை இல்லை என்று ஆகிவிடாது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 2011இல் தொடங்கிய இருபத்தைந்து ஆண்டுத் திட்டத்தில் ஒவ்வொரு பசுமை ஏக்கருக்கும் வைத்த இலக்கு முதல் ஓர் அங்குல மழைதான். அடக்கமான இலக்கு, அதனாலேயே நம்பத்தக்கது. ஓர் ஆண்டில் பெய்யும் மழைகளை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலானவை சிறு மழைகள். செய்தியில் வருவது ஊழி மழை. நிலத்தடிக்கு நீர் சேர்ப்பதும், சாலையைக் கழுவி அழுக்கை ஆற்றில் சேர்ப்பதும் இந்தச் சிறு மழைகள். 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தபோது, அதற்கு முந்தைய ஆண்டுகளில் வடிகால் வழியே கடலுக்குப் போன சிறு மழைகளையும் அந்தக் கணக்கில் எழுதியிருக்க வேண்டும்.

அழுக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மழைநீர் என்றாலே தூய்மை என்று நாம் பழகிவிட்டோம். தார்ச்சாலையில் விழுந்த கணத்திலிருந்து அது மழைநீர் அல்ல. டயர்த் தூள், எண்ணெய், பிரேக் தேய்ந்த உலோகம், நாய்க் கழிவு எல்லாம் கலந்த கரைசல். அமெரிக்காவின் வடமேற்கில் சியாட்டல் பகுதி ஓடைகளுக்கு முட்டையிடத் திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள் மழை பெய்தவுடன் சுருண்டு சாவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்தார்கள். சாலையிலிருந்து வழியும் நீரில் விட்ட மீன்கள் சில மணி நேரத்தில் செத்தன. அதே நீரை மணலும் மக்கும் கலந்த மண் வழியே வடித்து விட்டபோது மீன்கள் பிழைத்தன. இந்தச் சோதனை முடிவு 2015இல் வெளியானது. கொல்லும் பொருள் எது என்பது அப்போது தெரியாது. டயர் ரப்பர் வெடிக்காமல் இருக்கச் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் காற்றில் மாறி உண்டாகும் 6பிபிடி-குயினோன்தான் அது என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். நஞ்சின் பெயர் தெரிவதற்கு ஐந்து ஆண்டு முன்பே மண் அதைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. அடையாற்றிலும் கூவத்திலும் சால்மன் இல்லைதான். டயர் இருக்கிறது, கழிமுகத்தில் மீன் பிடித்துச் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கான்கிரீட் வடிகால் எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறதோ அவ்வளவு சுத்தமாக இந்த நஞ்சை முகத்துவாரத்தில் ஒப்படைக்கிறது.

ஒரே நாட்டில் நடந்த இரண்டு முயற்சிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது இந்த விஷயத்தில் மற்ற எதையும்விட அதிகம் கற்றுத்தருகிறது. மினசோட்டா மாநிலத்தில் பர்ன்ஸ்வில் என்ற ஊரில் கிரிஸ்டல் ஏரி கலங்கிக்கொண்டிருந்தது. 2003இல் அதற்கு நீர் அனுப்பும் ஐந்து ஏக்கர் சொச்சக் குடியிருப்பில் 17 மழைத்தோட்டங்கள் அமைத்தார்கள். பக்கத்தில் அதே மாதிரியான இன்னொரு குடியிருப்பை ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டு, இரண்டிலிருந்தும் ஓடிவரும் நீரை அளந்தார்கள். தோட்டங்கள் வந்த தெருவில் ஓட்டம் சுமார் 90 விழுக்காடு குறைந்தது. பள்ளத்தை நகராட்சி தோண்டித் தந்தது. செடி நட்டதும் பராமரிப்பை ஏற்றதும் வீட்டுக்காரர்கள். வாசல்வாசலாகப் பேசி, வேண்டும் என்றவர்களின் வீட்டுமுன் மட்டும் வைத்தார்கள். அடுத்தது சியாட்டலின் பல்லார்ட் பகுதி, 2010. பொருளாதார மந்தத்தைச் சமாளிக்க மத்திய அரசு தந்த ஊக்கநிதி கையில் இருந்தது. குறிப்பிட்ட காலத்துக்குள் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. நல்ல பொறியாளர்கள், நல்ல நோக்கம், சாலையோரத்தில் வரிசையாகத் தோட்டங்கள். மழை வந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோட்டங்களில் தண்ணீர் இறங்கவே இல்லை; நாட்கணக்கில் நின்றது. பனியாறுகள் அழுத்தி வைத்துவிட்டுப் போன இறுகிய மண் அது. அதைப் போதிய இடங்களில் சோதித்துப் பார்க்க அவகாசம் எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தை விழுந்தால் என்ன ஆகும் என்று தாய்மார்கள் கேட்டார்கள். கூட்டங்கள் போட்டார்கள், சண்டை வந்தது, கடைசியில் சிலவற்றைத் தூர்த்தும் சிலவற்றை மாற்றியும் அமைக்க வேண்டியதாயிற்று. சியாட்டல் அதோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பின்வந்த கட்டங்களில் மண் சோதனையும் தெருக்காரர்களோடு பேச்சும் முதலில் வந்தன. அதே பகுதியில் கழிவுநீர் கலந்த மழைவெள்ளத்தைத் தேக்க 2.7 மைல் நீளத்துக்கு ஒரு பெரும் சுரங்கமும் தோண்டினார்கள். தோட்டமா சுரங்கமா என்ற கேள்வியை அந்த ஊர் கைவிட்டுவிட்டது. இரண்டுக்கும் தனித்தனி வேலை.

பல்லார்டின் பாடத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தால் முதல் ஆட்சேபம் மண்ணிலிருந்தே எழும். இந்த நகரம் ஒரே மண் அல்ல. கடலோரம் மணல். திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் ஊற்றிய தண்ணீர் கண்முன்னே இறங்கிவிடும். மேற்கே அண்ணா நகர், விருகம்பாக்கம் போன்ற இடங்களில் களிமண். கிண்டி, வேளச்சேரிப் பக்கம் கொஞ்சம் தோண்டினால் பாறை. மணலில் மழைத்தோட்டம் ஏறக்குறைய தானாகவே வேலை செய்யும். வேடிக்கை என்னவென்றால், அங்கேயும் நாம் கான்கிரீட் வடிகால் போடப் பார்த்தோம். கோவளம் வடிநிலத் திட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோர மணற்பகுதியில் வடிகால் எதற்கு, அது நிலத்தடி நீரைக் கடலுக்கு வடித்துவிடும் என்று அங்குள்ளவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. களிமண்ணில் நிலைமை வேறு. ஒரு மணி நேரத்தில் 12 மி.மீ. அளவுக்காவது இறங்காத மண்ணில் வெறும் பள்ளம் குட்டையாகிவிடும். அங்கே மண் மாற்றி, அடியில் துளைக்குழாய் பதித்து, அதைத் தெரு வடிகாலில் சேர்க்க வேண்டும். அப்போது நிலத்தடிக்குப் போவது குறையும். ஆனால் தண்ணீர் மெல்லப் போகும், வடிகட்டப்பட்டுப் போகும். வடிகால் தாங்க முடியாத அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டிப் போகும். ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீரே மேலேறி நிற்கும் தாழ்ந்த இடங்களில் அதுவும் உதவாது. அங்கே தோட்டம் வைக்காமல் இருப்பதே சரி. இதைத் தெரிந்துகொள்ள மேல்நாட்டு ஆலோசகர் வேண்டாம். மழைக்காலத்தில் இரண்டடிக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, மட்டம் இறங்குவதைக் கடிகாரத்தோடு பார்த்தால் போதும்.

கொசு என்ற ஆட்சேபத்துக்கு விடை இதோடேயே வந்துவிடுகிறது. முட்டையிலிருந்து கொசு பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். ஒழுங்காக அமைந்த மழைத்தோட்டத்தில் தண்ணீர் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் நிற்காது. நின்றால் அது கெட்டுவிட்டது என்று பொருள். எல்லோர் கண்ணுக்கும் தெரியும் கேடு. சென்னையில் டெங்குவைப் பரப்பும் கொசு பழைய டயரிலும் பூந்தொட்டித் தட்டிலும் வளர்கிறது, மலேரியாக் கொசு மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்கிறது, இரவில் பிடுங்கும் மற்றது சாக்கடை கலந்த மூடிய வடிகாலில் வளர்கிறது. மூடியிருப்பதால் அந்த வடிகால்மேல் யாருக்கும் கோபம் வருவதில்லை.

கடினமான ஆட்சேபம் இனிமேல்தான்: யார் பார்த்துக்கொள்வது? 2003இல் அன்றைய தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, பழைய கட்டடங்கள் உட்பட எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் முன்னுதாரணம் இல்லாத துணிவு அது. குறுகிய காலத்துக்குள் நகரமே குழி தோண்டியது. ஆனால் சட்டம் குழியைத் தோண்ட வைத்தது, ஆண்டுதோறும் தூர்வார வைக்கவில்லை. கூழாங்கல்லுக்கு மேல் சேறு படிந்து அடைத்த குழிகள் எத்தனையோ. வரைபடத்தில் மட்டும் இருக்கும் குழிகளும் உண்டு. மாநகராட்சி பின்னால் பூங்காக்களில் அமைத்த ஸ்பாஞ்ச் பார்க்குகளுக்கும் கேள்வி இதுதான்: திறப்பு விழாவுக்கு அடுத்த ஆண்டு அதன் பொறுப்பு யாருடைய பெயரில் இருக்கிறது? இந்த இடத்தில் நம்மவர்கள் உடனே குடிமராமத்தைக் கொண்டுவருவார்கள். ஊர் கூடி ஏரி வெட்டியது, நாமும் அப்படிச் செய்வோம் என்பது கேட்க இனிமையாக இருக்கிறது. 2017இல் அரசே அந்தப் பழைய பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. ஆனால் 1858இல் சென்னை மாகாண அரசு இதற்காகக் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தென்தமிழகக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மாஸ் 2003இல் வெளியிட்ட நூலில், கண்மாய்ப் பராமரிப்பைத் தன்னாட்சிக் கிராமங்களின் கூட்டுறவாக மட்டும் பார்க்க முடியாது, அதில் அரசதிகாரமும் சாதிப் படிநிலையும் பிரிக்க முடியாதபடி பின்னியிருந்தன என்று வாதிட்டார். மண் சுமந்தவர் யார், கலிங்கல் பக்கத்தில் நின்று கணக்குப் பார்த்தவர் யார் என்று கேட்டுவிட்டுத்தான் ஊர் கூடிய கதையைச் சொல்ல வேண்டும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டையும் அப்படித்தான் படிக்க வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் பொறித்தவை. ஊர்ச்சபை தன் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையைச் சொல்கின்றன: முப்பது குடும்புகள் (ஊர்ப் பிரிவுகள்), குடவோலை, சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் காணிநிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். உழுதவர்க்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. இதை மக்களாட்சி என்று மேடையில் முழங்குவது வரலாறு ஆகாது. ஆனால் அந்தக் கல்வெட்டில் எடுத்துக்கொள்ளத்தக்க ஒரு விதி இருக்கிறது: வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது, அவருடைய உறவினரும் வர முடியாது. தண்ணீர் அமைப்பு பிழைத்திருந்தது ஊர்ப்பற்றினால் என்பதைவிட, ஆண்டுக்கொரு முறை யாரோ ஒருவர் எழுந்து நின்று கணக்குச் சொல்ல வேண்டியிருந்ததால் என்று சொல்வது உண்மைக்குக் கொஞ்சம் அருகில் வரும். தெரு மழைத்தோட்டத்துக்கு வேண்டியதும் அதுதான். தோட்ட வாரியத்துக்கும் ஏரி வாரியத்துக்கும் நடுவில் நிற்கும் இந்தச் சிறு அமைப்புக்கு அன்பு தேவையில்லை, பொறுப்பாளியின் பெயரும் பணமும் கணக்கும் தேவை.

பராமரிப்பு என்று பொதுவாகச் சொல்லும்போது நாம் மறைத்துவிடும் உடல் உழைப்பு ஒன்று இருக்கிறது. மூடிய வடிகாலில் சேறு சேர்ந்தால் அதை எடுக்க யாரோ இறங்க வேண்டும். கையால் கழிவு அள்ளுவதைத் தடைசெய்த சட்டம் 2013இல் வந்துவிட்டது. ஆனால் சட்டவிரோத வீட்டு இணைப்புகளால் மலம் கலந்த மழைநீர் வடிகால் அந்தச் சட்டத்தின் கண்ணில் படாத மூலையாகவே இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளி கையுறையும் இல்லாமல் அதில் நிற்பதைப் பருவமழைக்கு முந்தைய மாதங்களில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். மழைத்தோட்டத்தின் சேறு திறந்த வெளியில் படிகிறது. சித்திரை வைகாசியில் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது மண்வெட்டியால் மேல் இரண்டு விரற்கடையைச் சுரண்டி எடுத்துவிடலாம். நிமிர்ந்து நின்று செய்யும் வேலை. யாரும் செய்யத்தக்க வேலை. (ஏரி வண்டலை வயலுக்கு அடித்த பழக்கத்தில் இதைக் கீரைப்பாத்திக்குக் கொண்டுபோகக் கூடாது, சாலை உலோகம் அதில் தங்கியிருக்கும்.) என் பார்வையில் மழைத்தோட்டத்துக்கு ஆதரவான வலுவான வாதம் நிலத்தடி நீர்கூட இல்லை, இதுதான். ஒரு தெருவின் கசடு அந்தத் தெருவின் கண்முன்னால் இருந்தால், அதை எடுக்கும் வேலையும் கூலியும் அங்கேயே பேசப்பட்டாக வேண்டும்.

கண்ணுக்குத் தெரிவதில் ஆபத்தும் உண்டு. பச்சை என்று பெயர் வைத்த எதுவும் இந்த நகரத்தில் ஏழைகளைத் துரத்தப் பயன்பட்டிருக்கிறது. ஆற்றங்கரையை மீட்பது என்று சொல்லிக் குடிசைகளை அகற்றி, மக்களைப் பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பினோம். அவை பள்ளிக்கரணைச் சதுப்பைச் சேர்ந்த தாழ்நிலங்கள், மழைக்கு மழை அங்கேதான் தண்ணீர் நிற்கிறது. மழைத்தோட்டமும் நடைபாதை வியாபாரியை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் கல்வாழை நடும் திட்டமாக முடியலாம். அப்படி முடியாமலிருக்க ஒரு வரிசைமுறை வேண்டும்: முதலில் மேட்டுநிலம், முதலில் பெரிய கூரை, முதலில் கார் நிறுத்தும் இடம். தண்ணீரின் இயற்பியலும் நீதியும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. பள்ளத்தில் இருப்பவர் பிடித்து வைக்க ஒன்றுமில்லை. அவரிடம் வந்து சேருவதே மற்றவர்களின் மிச்சம். ஒரு காருக்கான இடம் சுமார் 12 சதுர மீட்டர். நம் கணக்குப்படி ஐந்து கார் இடம் விட்டால் 1,000 சதுர மீட்டருக்கு வேண்டிய தோட்டம் கிடைக்கிறது. மனம் வராது என்றால் விலை வைக்கலாம். பிலடெல்பியா 2010 முதல் வணிகக் கட்டடங்களிடம், நீர் இறங்காத தரை எத்தனை சதுர அடி என்று பார்த்து மழைநீர்க் கட்டணம் வாங்குகிறது. ஜெர்மானிய நகரங்களிலும் சிமென்ட் பூசிய பரப்புக்குத் தனிக் கட்டணம் உண்டு. மண்ணை மீண்டும் திறந்தால் கட்டணம் குறையும். இங்கே சொத்துவரி கட்டடத்தின் பரப்பைப் பார்க்கிறது, அந்தக் கட்டடம் தெருவில் தள்ளிவிடும் தண்ணீரைப் பார்ப்பதில்லை. ஆயிரம் கார் நிற்கும் வணிக வளாகமும் கிணற்றைத் தூர்க்காமல் வைத்திருக்கும் ஓட்டு வீடும் மழை விஷயத்தில் ஒரே தட்டில் நிற்கின்றன.

செடிகளைப் பற்றிக் கடைசியில் பேசுவதே பொருத்தம், ஏனென்றால் பெரும்பாலும் எல்லோரும் அங்கேயே தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ.; அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடும். எனவே இங்கே நடும் செடி இரண்டு மாதம் காலை நனைத்து நிற்கவும் மாதக்கணக்கில் வெயிலில் காயவும் தெரிந்ததாக இருக்க வேண்டும். வெட்டிவேர், கோரை, கரையோரத்தில் நொச்சி, இடம் இருந்தால் ஒரு புங்கன். புல்தரையும் அலங்காரப் பனையும் நட்டால் வைகாசியில் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்ற வேண்டியிருக்கும். மழையைச் சேமிக்க வைத்த தோட்டத்துக்கு மெட்ரோ வாட்டர் லாரி வந்து நிற்கும் காட்சி நம் நிர்வாகத்துக்கு அப்படி ஒன்றும் புதிதாக இருக்காது. செடியைப் போலவே, பொறுப்பேற்கும் அமைப்பைத் தேடியும் புதிதாக அலைய வேண்டாம். தமிழ்நாட்டில் 2022இல் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்துவிட்டன. பகுதி சபையில் வழக்கமாக எழுவது தெருவிளக்கும் குப்பையும். அதே கூட்டத்தில் எந்தத் தெரு மேடு, எந்தத் தெரு பள்ளம் என்ற மட்டக் கணக்கை மாநகராட்சிப் பொறியாளர் கொண்டுவந்து மேசையில் வைக்கலாம். குழி தோண்டிப் பார்த்த முடிவைத் தெருக்காரர்கள் வைக்கலாம். தூர்வாரும் கூலிக்கு வார்டு நிதியில் ஒரு தலைப்பு கேட்கலாம். அடுத்த சித்திரையில் அந்தத் தலைப்பில் எவ்வளவு செலவானது, எத்தனை கூடை சேறு எடுத்தார்கள், எந்தத் தோட்டத்தில் தண்ணீர் இரண்டு நாளுக்கு மேல் நின்றது என்று பொறுப்பேற்றவர் எழுந்து வாசிக்க வேண்டும். வாசிக்காதவரை மாற்ற வேண்டும்.